வழுவமைதி

தார்த்து நகரத்து நவம்பர்
மூன்றரை மணிக்கே விளக்கைப் போட வைத்துவிடும்.
லீவிகா பகலில் பேருந்துக் கழகத்தில் இருப்பாள்.
நான்காம் எண் வண்டி ஆற்றுப்பாலத்தில்
எத்தனை நிமிடம் நிற்கலாம் என்று அட்டவணை போடுவாள்.
இரவில் வேறொரு பிழைப்பு.
பிழைப்பென்று சொல்ல அதில் காசில்லை.
மார்க்டவுன் ஆவணத்துக்குள் புகுந்து
நிரல்துண்டுகளை மட்டும் தேடிச் சீர்செய்யும்
சின்னக் கருவி ஒன்று.
யாரும் எடுத்துக்கொள்ளலாம்,
யாரும் திட்டலாம்.

மேலே மூன்று சாய்கீற்று
கீழே மூன்று சாய்கீற்று
பூனை கதவைப் பிறாண்டியது போல.
அந்த இரு பிறாண்டலுக்கு நடுவில்தான் அதன் ஆட்சி.
வெளியே ‘நிறுவுக’ என்பதை ‘நிருவுக’ என்று எழுதியிருந்தாலும்
காணாதது போலத் தாண்டிப் போகும்.
உள்ளே நுழைந்தால் விடாது.
கோணல் அடைப்புக்குறி,
இரண்டு விடவேண்டிய இடத்தில் மூன்று விட்ட கை,
வரிக்கடைசியில் ஒளிந்துகிடக்கும் வெற்றிடம்,
எல்லாம் கூட்டிப் பெருக்கிக்
கதவைச் சாத்திவிட்டு வரும்.

அவளுக்கு அந்தச் சாத்துதல்தான் பிடிக்கும்.

செவ்வாய் இரவு வால்காவிலிருந்து ஒரு முறையீடு.
உர்மாஸ் கோட்காஸ், தொழிற்பள்ளி ஆசிரியர்.
வணக்கம் இல்லை, நன்றி இல்லை.

“என் பாடக்குறிப்பில் பதினோராம் பக்கம்.
இப்படி எழுதாதீர்கள் என்று ஒரு துண்டு,
இப்படி எழுதுங்கள் என்று இன்னொரு துண்டு.
ஞாயிறன்று உங்கள் கருவி உள்ளே போய்வந்தது.
இப்போது இரண்டும் ஒன்று.
திங்கள் காலை பதினாறு பேர்
இருபது நிமிடம் வேறுபாடு தேடினார்கள்.
நானும் தேடினேன்.
ஒரு பையன் கண்டுபிடித்ததாகக் கையுயர்த்தினான்.
திரையில் ஒட்டியிருந்த கறுப்பு ரொட்டித் துணுக்கு.”

முதலில் சிரித்தாள்.
தேநீர் ஆறிய பிறகு சிரிப்பு வரவில்லை.
அந்தக் கோணலை அவர்
எவ்வளவு கவனமாகக் கோணலாக்கியிருப்பார்!
எண்ணி எண்ணி ஐந்து இடம் விட்டு,
காற்புள்ளியைச் சொல்லிலிருந்து பிய்த்து,
சரியாகவே எழுதிப் பழகிய விரலை
மடக்கி மடக்கி,
மாணவன் செய்யப்போகும் பிழையை
அவனுக்கு முன்பே செய்துவைத்திருக்கிறார்.
கருவி அதை அழுக்கென்று துடைத்துவிட்டது.

இருநூற்றுப் பன்னிரண்டு சோதனை,
இருநூற்றுப் பன்னிரண்டும் பச்சை.
‘இந்தப் பிழை உங்களுக்கு வேண்டுமா?’
என்று கேட்கும் சோதனை
அதில் ஒன்றுகூட இல்லை.

போர்த்தோவிலிருந்து டெல்மிரோ எழுதினான்:
மேல்வரியில் ‘எழுதாதீர்கள்’ என்றிருந்தால்
விலகிப்போகச் சொல்லலாமே.
எத்தனை மொழியில் எழுதாதீர்கள், என்று கேட்டாள்.
பிறகு, அது மட்டுமல்ல,
வாசலுக்கு வெளியே பேசுவதை ஒட்டுக்கேட்கும்
கருவியை நான் செய்யவில்லை.
டெல்மிரோ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான்.
ஒப்புக்கொண்டானா கோபித்துக்கொண்டானா,
தெரியவில்லை.

கடைசியில் ஒற்றைக் குறிப்பு.
படிக்கிறவர் கண்ணில் படாது,
கருவியின் கண்ணில் மட்டும் படும்.
சாய்கீற்றுக்கு நேர்மேலே:
தொடாதே.

ஏழே வரி நிரல்.
இருநூற்றுப் பதின்மூன்றாம் சோதனைதான் படுத்தியது.
பிழையான துண்டொன்றை அவளே எழுதவேண்டும்.
எழுதினாள். சேமித்தாள். நேராகிவிட்டது.
மறுபடி எழுதினாள்,
ஐந்து இடம், பிய்ந்த காற்புள்ளி.
சேமித்தாள். நேராகிவிட்டது.
மூன்றாம் முறைதான் உறைத்தது:
அவளுடைய எழுதுதிரையிலும்
அவளுடைய கருவியே காவல் இருக்கிறது.

அதை நிறுத்திவிட்டு
ஒருமுறை வெறுங்கையால் தப்பாக எழுதினாள்.
இவ்வளவு சிரமமென்று நினைத்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு.
சன்னலில் பனி அப்பிக்கொண்டிருந்த நேரம்
வால்காவிலிருந்து இரண்டே சொல்:

வேலை செய்கிறது .

முற்றுப்புள்ளிக்கு முன்னால்
ஓர் இடம் விட்டிருந்தது.
கை தவறியதா,
வேண்டுமென்றே விட்டதா.
இரண்டு மூன்று முறை பார்த்தாள்.
திரையை விரலால் துடைத்தும் பார்த்தாள்.
அப்படியே இருக்கட்டும் என்று
விளக்கை அணைத்தாள்.